மேடையில் மறைந்த முருகன்

பங்குனி, சித்திரை மாதங்கள் வந்துவிட்டால் சிவகாசி, வெம்பக்கோட்டை, தாயில்பட்டிப் பக்கத்து ஊர்களில் அம்மன் கோவில் பொங்கல் களைகட்டும். பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் லீவு. பகலெல்லாம் பொங்கலும் முளைப்பாரியும். இரவானால் ஒருநாள் கரகாட்டம், ஒருநாள் வள்ளி திருமணம் நாடகம். பாய் விரித்து, தூங்குகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பார்கள்.

முருகனாக வருகிறவர் திரைக்கு உள்ளே நின்றபடியே முதல் பாட்டை எடுப்பார். அந்தக் குரலிலேயே ஆள் எப்படி என்று ஜனங்கள் தீர்மானித்துவிடுவார்கள்.

இதே முருகன் வேடத்தை அந்த நாளில் ஒருவர் போட்டார். அவர் நாடகம் என்றால் முன்வரிசையில் ஊர்ப் பெரியவர்கள் இருப்பார்கள். பக்கத்திலேயே போலீஸ் இன்ஸ்பெக்டரும் இருப்பார். நாடகம் பார்க்க அல்ல. நாடகம் முடிந்ததும் முருகனைப் பிடித்துக்கொண்டு போக!

அந்த நடிகரின் பெயர் விசுவநாததாஸ். அவர் பிறந்த ஊர் சிவகாசி.

கரிசல் மண்ணில் பிறந்தவர்

1886-ம் வருஷம் ஜூன் மாதம் 16-ந் தேதி விசுவநாததாஸ் பிறந்தார். தந்தை பெயர் சுப்பிரமணியம். தாயார் ஞானாம்பாள்.

அன்றைய சிவகாசியை இன்றுள்ளவர்கள் கண்ணால் கண்டால் அடையாளம் தெரியாது. தீப்பெட்டி இல்லை. பட்டாசு இல்லை. காலண்டர் அச்சகம் இல்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்து தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923-ல்தான். விசுவநாததாஸ் பிறந்தபோது சிவகாசி வெறும் கரிசல் காட்டு ஊர். மழை பெய்தால் பருத்தியும் கம்பும் விளையும். பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. ஊர் அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போயிற்று. 1985-ல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்துக்கு வந்தது.

விசுவநாததாஸ் பிறந்த குலம் மருத்துவர் குலம். முடி திருத்துவது மட்டும் அவர்கள் வேலை அல்ல. பச்சிலை வைத்தியம் பார்ப்பார்கள். கட்டிக்குக் கத்தி வைப்பார்கள். அந்த வீட்டுப் பெண்கள்தான் ஊரில் பிரசவம் பார்ப்பார்கள். பிறக்கும் குழந்தையை முதலில் தொடும் கை அவர்கள் கை. கலியாணத்துக்கும் அவர்கள் வேண்டும்; சாவுக்கும் அவர்கள் வேண்டும். ஆனால் கலியாண வீட்டுப் பந்தியில் மற்றவர்களோடு சரிசமமாக உட்கார முடியாது. அந்தக் காலத்து வழக்கம் அப்படி.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. பிற்காலத்தில் ஊரெல்லாம் கைகூப்பித் தொழுத முருகனுக்கு, மேடையில் ஜோடி கிடைக்காமல் போனதும் இந்தக் குலப் பேச்சினால்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

விசுவநாததாஸ் வாழ்ந்தது மதுரைக்குப் பக்கத்தில் உள்ள திருமங்கலத்தில். நாடகத்துக்குத் தாய்வீடு என்றால் அன்றைக்கு மதுரைதான். பாட்டிலே நாட்டம் உள்ள பையனுக்கு அந்த இடம் போதாதா? குரலும் இயற்கையாக அமைந்திருந்தது. மேடை ஏறினார். ஏறியவர் கடைசி மூச்சுவரை இறங்கவில்லை.

ஒத்திகை இல்லாத நாடகம்

அந்தக் கால நாடகம் எப்படி நடந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்போது இரண்டு வகை நாடகம் உண்டு. ஒன்று கம்பெனி நாடகம். பிள்ளைகளைச் சேர்த்து, சோறு போட்டு, பாடம் சொல்லிக் கொடுத்து, ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போவார்கள். மற்றொன்று ஸ்பெஷல் நாடகம். இதற்குக் கம்பெனி இல்லை, முதலாளி இல்லை. ஒரு காண்டிராக்டர் இருப்பார். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார். பபூன் மூன்றாவது ஊர். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் இன்னொரு ஊர். மாலை ரயிலில் வந்து இறங்குவார்கள். முன்பின் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவும் மாட்டார்கள். இரவு பத்து மணிக்கு மணி அடித்தால் நாடகம் தொடங்கிவிடும்!

ஒத்திகை இல்லாமல் எப்படி முடிந்தது? காரணம் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து 1922-ல் புதுச்சேரியில் காலமான அந்தப் பெரியவர், நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதி வைத்துவிட்டுப் போனார். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, நல்லதங்காள் எல்லாம் அவை. தமிழ்நாட்டு நடிகர் அத்தனை பேருக்கும் அவை மனப்பாடம். எந்த ஊர் வள்ளிக்கு எந்த ஊர் முருகன் வந்தாலும் பாட்டும் வசனமும் பொருந்தும்.

ஆனால் மனப்பாடம் மட்டும் போதாது. மேடையில் தர்க்கம் நடக்கும். வேடனாக வந்த முருகன் ஒரு கேள்வி போடுவார். வள்ளி மடக்குவாள். அந்த மடக்குக்கு இவர் அந்த இடத்திலேயே பதில் கட்ட வேண்டும். தடுமாறினால் விசில் பறக்கும். விடியும்வரை இப்படியே போகும்.

மைக் கிடையாது. காஸ் லைட் வெளிச்சம்தான். ஆயிரக்கணக்கான பேர் கூடிய திடலில் கடைசி வரிசைக் கிழவிக்கும் காது கேட்க வேண்டும். ஐந்து கட்டை, ஆறு கட்டை சுருதியில் நின்று பாடினால்தான் அது முடியும். அப்படிப்பட்ட குரல்களில் ஒன்று விசுவநாததாசின் குரல். முருகன் வேடம் அவருக்கே சொந்தம் என்று ஆகிவிட்டது.

தூத்துக்குடிக்கு வந்த காந்தி

1919-ம் வருஷம். விசுவநாததாசுக்கு 32 வயது முடிந்திருந்தது. நல்ல பேர், நல்ல வருமானம்.

அந்த வருஷம் வெள்ளைக்கார சர்க்கார் ரௌலட் சட்டம் கொண்டு வந்தது. சந்தேகப்பட்டால் போதும், விசாரணையே இல்லாமல் ஒருவரை உள்ளே போடலாம் என்பது அந்தச் சட்டம். இதை எதிர்க்க ஆதரவு திரட்டிக்கொண்டு காந்தி தென்னாட்டுக்கு வந்தார். மார்ச் மாதக் கடைசியில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் வந்தார்.

தூத்துக்குடி என்றால் சும்மா ஊரா? 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட ஊர். அதற்காகவும் மேடைப் பேச்சுக்காகவும் 1908-ல் அவர் ஜெயிலுக்குப் போய்ச் செக்கு இழுத்தார். அந்த ஊரில்தான் விசுவநாததாசின் பாட்டைக் காந்தி கேட்டார் என்றும், அந்தக் குரலைத் தேசத்துக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அடுத்த மூன்று வாரத்துக்குள் பஞ்சாபில் அந்தக் கோரம் நடந்தது. ஏப்ரல் 13-ந் தேதி அமிர்தசரசில் ஜாலியன்வாலாபாக் என்ற மைதானத்தில் கூடியிருந்த ஜனங்களை டயர் என்ற ராணுவ அதிகாரி சுட்டுத் தள்ளச் சொன்னான். 379 பேர் செத்தார்கள் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டது. உண்மைக் கணக்கு அதைவிட அதிகம்.

பஞ்சாப் எங்கே, திருமங்கலம் எங்கே? அப்போது சென்னை மாகாணத்தில் நூறு பேரில் ஏறக்குறையப் பத்துப் பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். ரேடியோ வரவில்லை. பத்திரிகை டவுனோடு சரி. காட்டிலே களை எடுக்கும் பெண்ணுக்கு ஜாலியன்வாலாபாக் எப்படித் தெரியும்?

நாடகத்தால் தெரிந்தது. அந்தப் படுகொலையைப் பற்றி ஒரு பாட்டு பிறந்தது. விசுவநாததாஸ் அதை மேடையில் பாடினார். வள்ளியைத் தேடி வந்த வேடன் நடுவிலே பஞ்சாபுக்காக அழுதான். ஜனங்களும் அழுதார்கள். கதைக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கொக்கு யார்?

பாட்டு எழுதியவரையும் சொல்ல வேண்டும். அவர் மதுரகவி பாஸ்கரதாஸ். 1892-ல் விளாத்திகுளம் பக்கத்து நாகலாபுரத்தில் பிறந்தவர். இயற்பெயர் வெள்ளைச்சாமி. மதுரையில் இருந்துகொண்டு நடிகர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார். ராட்டினம், கதர், கள்ளுக்கடை மறியல், காந்தி என்று எதைச் சொன்னாலும் பாட்டு வரும். 1931 அக்டோபர் 31-ந் தேதி வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாசுக்கும் பாட்டு எழுதியவர் அவர்தான்.

பாஸ்கரதாஸ் எழுத, விசுவநாததாஸ் பாட, ஊர் ஊராகப் பரவிய பாட்டு ஒன்று உண்டு. அது கொக்குப் பாட்டு.

வள்ளி திருமணத்தில் தினைப்புனக் காட்சி எல்லோருக்கும் தெரியும். வள்ளி பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளியையும் குருவியையும் விரட்டுவாள். அந்த இடத்தில் ஒரு கொக்கு பறந்து வந்தால் என்ன தப்பு? தப்பே இல்லை. ஆனால் இந்தக் கொக்கு வெள்ளைக் கொக்கு. கடல் கடந்து வந்த கொக்கு. வியாபாரம் செய்ய வந்து நம் பிழைப்பைக் கெடுத்த கொக்கு!

கொக்கு யார் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜனங்கள் கை தட்டுவார்கள். இன்னொரு தடவை என்று கத்துவார்கள். விசுவநாததாஸ் மறுபடியும் பாடுவார். முன்வரிசையில் இன்ஸ்பெக்டரின் முகம் சிவக்கும். அவர் என்ன எழுதிக்கொள்வார்? கொக்கைப் பற்றிப் பாடினார் என்றா? நாடகத்தில் அதைவிடப் பெரிய நகைச்சுவைக் காட்சி இல்லை.

காலணா, அரையணாவுக்கு இந்தப் பாட்டுகள் புஸ்தகமாக விற்றன. படிக்கத் தெரியாதவர்களும் வாங்கினார்கள். பள்ளிக்கூடம் போகும் பையனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

பாட்டோடு உடுப்பும் மாறியது. நாடக முருகனுக்குச் சரிகையும் வெல்வெட்டும்தான் வழக்கம். விசுவநாததாஸ் கதர் உடுத்திக்கொண்டு முருகனாக வந்தார். கதர் கட்டிய கடவுளை ஜனங்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

வேலும் வாரண்டும்

நாடகத்தை அடக்குவதற்கென்றே சர்க்காரிடம் ஒரு சட்டம் இருந்தது. வங்காளத்தில் நாடகக்காரர்கள் வெள்ளைக்காரர்களை மேடையில் கிண்டல் செய்ததற்காக 1876-ல் கொண்டு வந்த சட்டம் அது. ராஜத்துவேஷம் என்று தோன்றினால் நாடகத்தைத் தடை செய்யலாம். நடிகரைப் பிடிக்கலாம். கொட்டகை கொடுத்தவரையும் பிடிக்கலாம்.

ஸ்பெஷல் நாடகத்தில் இந்தச் சட்டம் திணறியது. நாடகத்தின் பெயர் வள்ளி திருமணம். அதைத் தடை செய்தால் முருகப் பெருமானையே தடை செய்ததாக ஆகும். புஸ்தகத்தை வாங்கிப் பார்த்தால் அதில் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியதுதான் இருக்கும். பாட்டு மேடையில்தானே முளைக்கிறது! ஆகவே போலீசார் கொட்டகைக்கே வந்து உட்கார்ந்தார்கள்.

கைது செய்ய வந்த போலீசாரிடம் அவர் சிரித்துக்கொண்டே வழக்காடியதாக ஒரு கதை நாடக உலகத்தில் உலவுவதுண்டு. வாரண்டில் இருப்பது விசுவநாததாஸ் என்ற பெயர், மேடையில் நிற்பதோ முருகன், முருகனைப் பிடிக்கச் சட்டத்தில் இடம் உண்டா என்று கேட்டாராம். வேடம் கலைகிற வரையில் போலீசார் காத்திருந்தார்களாம். கதை அப்படியே நடந்ததோ என்னவோ, ஜனங்கள் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள் என்பது நிஜம்.

ஆனால் ஜெயில் கதையல்ல. அவர் 29 தடவை கைது செய்யப்பட்டார் என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு ராஜபார்ட் நடிகருக்கு இதன் அர்த்தம் என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் இல்லாத தொழில். நாடகம் நடந்தால் பணம். நடக்காவிட்டால் ஒன்றும் இல்லை. ஜெயிலில் இருக்கும் நாளுக்கு வருமானம் இல்லை. வெளியே வந்தாலும், இவரைப் போட்டால் போலீஸ் தொந்தரவு வரும் என்று காண்டிராக்டர் வேறு ஆளைத் தேடுவார். முன்பணம் கொடுத்த நாடகம் நின்றுபோனால் அதற்கும் இவரே பதில் சொல்ல வேண்டும். குரல் வேறு கெடும்.

ஒரு வழக்கு திருநெல்வேலியில் நடந்தது. அதில் அவருக்காக வாதாடியவர் வ. உ. சிதம்பரம் பிள்ளையே என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஜெயிலுக்குப் போனதால் வ.உ.சி.யின் வக்கீல் சன்னத்து பறிபோயிருந்தது. வாலேஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் அது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தவர் வ.உ.சி. செக்கிழுத்தவர் வக்கீலாக நிற்க, கொக்குப் பாட்டுப் பாடியவர் கூண்டில் நின்றார்.

தேச பக்தி நடிகர் இவர் ஒருவர்தான் என்றில்லை. செங்கோட்டை கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கதர் கட்டினார்கள். தேசியப் பாட்டுப் பாடினார்கள். சத்தியமூர்த்தி நடிகர்களைத் தேடிப் பிடித்துக் காங்கிரசுக்குக் கொண்டு வந்தார். கூத்தாடி என்று கேவலமாகப் பேசப்பட்டவர்களுக்குக் காங்கிரஸ் மேடையில் நாற்காலி போட்டுக் கொடுத்தவர் அவர். ஆனாலும் இத்தனை தடவை ஜெயில் வாசலை மிதித்த ராஜபார்ட் வேறு யார்?

ஜோடி இல்லாத ராஜபார்ட்

இனி அந்தக் குலப் பேச்சுக்கு வருவோம்.

விசுவநாததாஸ் மயில்மேல் அமர்ந்து வந்தால் கொட்டகையில் கற்பூரம் காட்டும் ஜனங்கள் இருந்தார்கள். ஆனால் அவரோடு வள்ளியாக நடிக்கும்படி அழைத்தால் ஸ்திரீபார்ட் நடிகைகள் பலர் மறுத்தார்கள். நாவிதருக்கு ஜோடியாக நிற்பதா என்பது அவர்கள் பேச்சு.

நடிகைகளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்தப் பெண்களையே ஊர் மதிக்காத காலம் அது. தங்களுக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்பதில் அவர்களுக்கு ஓர் ஆறுதல் இருந்திருக்கலாம். ஆனாலும் அடி அடிதான். வெள்ளைக்காரன் போட்ட விலங்காவது ஆறு மாதத்தில் கழன்றுவிடும். இது கழலாத விலங்கு.

இந்த நிலையில் துணிந்து வந்தவர் மதுரை கே. பி. ஜானகி. 1917-ல் பிறந்தவர்; விசுவநாததாசுக்கு மகள் வயது. சிறுமியாக இருக்கும்போதே நாடகக் கம்பெனியில் மாதம் 25 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தவர். நல்ல பாட்டு, நல்ல பேச்சு. ஸ்திரீபார்ட்டில் பேர் வாங்கி, கை நிறையச் சம்பாதிக்கத் தொடங்கியிருந்த சமயம்.

மற்றவர்கள் மறுத்த மேடையில் ஜானகி ஏறினார். விசுவநாததாசின் முருகனுக்கு வள்ளியாக நின்றார். இதனால் தன் பிழைப்பும் போகலாம் என்று தெரிந்தே நின்றார். அவருக்கும் போலீஸ் வாரண்டு வந்தது. பின்னால் அவரே பெரிய தலைவியானார். யுத்த காலத்தில் சர்க்காருக்கு எதிராகப் பேசி ஜெயிலுக்குப் போனார். கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்து விவசாயிகளுக்காகவும் ஆலைத் தொழிலாளருக்காகவும் போராடினார். 1967-ல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டசபைக்குப் போனார். மேடையில் சம்பாதித்த நகையும் சொத்தும் கட்சிக்கே போயிற்று.

வள்ளிக்கும் முருகனுக்கும் நடந்த கலியாணமே குலம் தாண்டிய கலியாணம்தான். குறவர் குடியில் வளர்ந்த பெண்ணைத் தேடி மலையேறி வந்தவர் கடவுள். அந்தக் கதையை விடிய விடிய நடித்த மேடையிலேயே இந்தப் பேச்சு நடந்தது.

வீட்டின் மேல் கடன்

1931-க்குப் பிறகு பேசும் படம் வந்தது. நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகச் சினிமாக் கொட்டகைகளாக மாறின. நன்றாகப் பாடுகிற நடிகர்களைப் படக் கம்பெனிகள் வாரிக்கொண்டு போயின. கிட்டப்பா 1933-ல் 27 வயதிலேயே காலமாகிவிட்டார். சுந்தராம்பாள் நந்தனார் படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் வாங்கினார் என்று நாடே வியந்தது. விசுவநாததாஸ் மேடையிலேயே நின்றார்.

1937-ல் ராஜாஜி முதல் மந்திரியானார். பாட்டுக்கும் புஸ்தகத்துக்கும் இருந்த தடைகள் தளர்ந்தன. கொஞ்ச காலம் நிம்மதி. 1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டது. அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமாச் செய்தது. மறுபடியும் கவர்னர் ஆட்சி, மறுபடியும் கெடுபிடி.

இதற்குள் விசுவநாததாஸ் கடனில் மூழ்கிவிட்டார். திருமங்கலத்து வீடு அடமானத்தில் இருந்தது. ஏலத்துக்கு வரும் நிலை.

அந்தச் சமயத்தில் சர்க்கார் தரப்பிலிருந்து அவருக்குத் தூது வந்ததாகச் சொல்வார்கள். தேசியப் பாட்டை நிறுத்திவிட்டுச் சர்க்காருக்குச் சாதகமாக மேடை ஏறினால் கடன் அடையும், வீடும் மீளும் என்று ஆசை காட்டினார்களாம்.

அவருக்கு வயது 50-ஐத் தாண்டிவிட்டது. உடம்பு தளர்ந்துவிட்டது. பாட்டைக் கைவிடச் சொல்லவில்லை. பாட்டை மாற்றச் சொன்னார்கள், அவ்வளவுதான். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தை எழுதியபடியே பாடினாலே போதும். கொக்கு பறக்காமல் இருந்தால் வீடு கிடைக்கும். வீட்டில் மனைவி மக்கள் இருக்கிறார்கள். எத்தனை பேர் வேண்டாம் என்று சொல்வார்கள்?

விசுவநாததாஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக் கடனுக்கு வேறு வழி தேடினார். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. சென்னைக்குப் புறப்பட்டார், நாடகம் போட.

கடைசி இரவு

1940-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி. சென்னை ராயல் தியேட்டர். நாடகம் வள்ளி திருமணம். விசுவநாததாசுக்கு 54 வயது.

வெளியே நாடு கொதித்துக்கொண்டிருந்தது. அக்டோபரில் வினோபா பாவே தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியிருந்தார். ஊர் ஊராக ஒவ்வொருவராக யுத்தத்துக்கு எதிராகக் குரல் கொடுத்து ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தியேட்டருக்குள் ஜனங்கள் தாசின் பாட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

திரை விலகியது. மயில்மேல் முருகன் அமர்ந்திருந்தார். கையில் வேல். பாட்டை எடுத்தார்.

பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் நின்றது. தலை சாய்ந்தது. அதுவும் நடிப்புத்தான் என்று நினைத்தவர்கள் உண்டு. பிறகுதான் விஷயம் புரிந்தது. திரையை இறக்கினார்கள். ஓடிவந்து பார்த்தார்கள். உயிர் போய்விட்டது.

முருகன் வேடத்தைக் கலைக்க யாருக்கும் மனம் வரவில்லை என்றும், வேடத்தோடேயே மயில் ஆசனத்தில் வைத்து ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள் என்றும் நாடகக்காரர்கள் சொல்லுவார்கள். 1941-ம் வருஷம் பிறந்த வேளையில் சென்னை நாடக உலகம் அழுதுகொண்டிருந்தது.

அவர் விரட்டிய கொக்கு பறந்துபோக இன்னும் ஆறு வருஷம் ஏழரை மாதம் பாக்கி இருந்தது. பாட்டு எழுதிய பாஸ்கரதாஸ் அதைப் பார்த்தார், 1952-ல் காலமானார். வள்ளியாக நின்ற ஜானகி அம்மாள் 1992 வரை இருந்தார்.

திருமங்கலத்தில் விசுவநாததாசின் பெயரில் தமிழ்நாடு அரசு நினைவு இல்லம் அமைத்திருக்கிறது. மதுரையிலிருந்து விருதுநகர், சிவகாசி, தாயில்பட்டிக்குப் போகிற பஸ்கள் திருமங்கலம் வழியாகத்தான் போகின்றன. பொங்கல் நாடகத்துக்கு ஆர்மோனியப் பெட்டியும் வேடப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு மதுரையிலிருந்து கிளம்பும் ஸ்பெஷல் நாடக நடிகர்களின் வேன்களுக்கும் அதுவே வழி.